மாதவிடாய் நிற்கும் வயதில் கர்ப்பப்பையைப் பார்க்கிறோம், இதயத்தை யார் பார்ப்பது?

கயல்_திண்டுக்கல்

நாற்பத்தைந்து வயதுக்கு மேல் மாதவிடாய் தாறுமாறானால் நாம் போவது மகளிர் மருத்துவரிடம். அவர் ஸ்கேன் எழுதுவார். கட்டி இருக்கிறதா, கர்ப்பப்பையின் உள்சுவர் தடித்திருக்கிறதா என்று பார்ப்பார். ரத்த சோகை இருந்தால் இரும்புச்சத்து மாத்திரை தருவார். அதோடு முடிந்தது. அதே வருடங்களில் பெண்ணின் ரத்தக்குழாய்களிலும் பெரிய மாற்றம் நடக்கிறது என்று நம்மிடம் யாரும் சொல்வதில்லை. அதைப் பற்றிப் பேசத்தான் இந்த இழை.

என் அக்காவுக்கு 51 வயது. கடைசியாக மாதவிடாய் வந்து எட்டு மாதம் ஆகிறது. திடீரென்று முகமும் கழுத்தும் சூடேறி வியர்த்துக் கொட்டுகிறது, இரவில் மூன்று நான்கு முறை எழுந்து உட்கார்ந்துவிடுகிறார், படபடப்பு வேறு. மருத்துவர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, "கர்ப்பப்பை நன்றாக இருக்கிறது, இந்த வயதில் இப்படித்தான்" என்று அனுப்பிவிட்டார். பிரஷர் பார்க்கவில்லை. கொலஸ்ட்ரால் எடுக்கச் சொல்லவில்லை.

எங்கள் அம்மா 62 வயதில் மாரடைப்பில் போனார். அதனால் எனக்கு மனசு கேட்கவில்லை, தேடிப் படித்தேன். அமெரிக்க இதய சங்கம் 2020 டிசம்பரில் இதற்கென்றே தனி அறிக்கை வெளியிட்டிருக்கிறது. மாதவிடாய் நிற்கும் காலமே இதய நோய் அபாயம் ஏறத் தொடங்கும் காலம், அப்போதே கவனிக்க வேண்டும் என்கிறது.

என் கேள்விகள்: இந்த வயதில் என்னென்ன பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்? ஹார்மோன் மாத்திரை இதயத்துக்கு நல்லதா கெட்டதா? படபடப்பை எப்போது ஹார்மோன் என்று விடலாம், எப்போது விடக்கூடாது? அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள்.


நாடித்துடிப்பு

கயல், நான் பொது மருத்துவர். அரசு மருத்துவமனையில் வேலை. தெரிந்ததைச் சொல்கிறேன்.

அமெரிக்காவில் ஸ்வான் என்ற ஆய்வு 1990களின் நடுவில் தொடங்கியது. 7 இடங்களில் 3,302 பெண்களை, மாதவிடாய் நிற்பதற்கு முன்பிருந்தே தொடர்ந்து பரிசோதித்து வந்தார்கள். கடைசி மாதவிடாய்க்கு முந்தைய ஓராண்டிலும் பிந்தைய ஓராண்டிலும் எல்டிஎல், அதாவது கெட்ட கொலஸ்ட்ரால், சட்டென்று ஏறுகிறது என்று 2009இல் அவர்கள் காட்டினார்கள். வயதாவதால் மெதுவாக ஏறுவது வேறு, இது வேறு. ஆய்வில் இருந்த எல்லா இனத்துப் பெண்களிடமும் இது தெரிந்தது.

இதே ஆய்வில் பிரஷரும் சர்க்கரையும் இப்படிக் குதிக்கவில்லை, வயதோடு சீராகத்தான் ஏறின. இதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இப்போது எல்லாவற்றையும் மெனோபாஸ், அதாவது மாதவிடாய் நிற்பதன் தலையில் கட்டிவிடுகிறார்கள். கொலஸ்ட்ரால் ஏற்றம், வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றிச் சேரும் கொழுப்பு, ரத்தக்குழாய் விறைப்பது, இந்த மூன்றுக்கும் கடைசி மாதவிடாயோடு நேரடித் தொடர்பு தெரிகிறது. எடை ஏறாமலே சேலை இடுப்பில் இறுக்குகிறது என்று பெண்கள் சொல்வது கற்பனை இல்லை.

காரணம் ஈஸ்ட்ரோஜென் என்ற பெண் ஹார்மோன் குறைவதுதான். எல்டிஎல்லை ரத்தத்திலிருந்து இழுத்துக்கொள்ளும் ஏற்பிகள் கல்லீரலில் உள்ளன, அவை நிறைய இருக்க ஈஸ்ட்ரோஜென் உதவுகிறது. ரத்தக்குழாயின் உள்சுவர் நைட்ரிக் ஆக்சைடு சுரந்து குழாயைத் தளர்த்தி வைக்கவும் அது உதவுகிறது. அது குறையும்போது இரண்டு காவலும் ஒரே சமயத்தில் தளர்கின்றன.

நமக்கு இன்னொரு விஷயம் உண்டு. மேற்கு நாடுகளில் சராசரியாக 51 வயதில் நிற்பது இந்தியப் பெண்களுக்கு 46, 47 வயதிலேயே நின்றுவிடுகிறது. தெற்காசியர்களுக்கு மாரடைப்பும் மற்றவர்களைவிடச் சில வருடங்கள் முன்னதாகவே வருகிறது. ஸ்வான் ஆய்வில் தெற்காசியப் பெண்கள் தனிக் குழுவாகச் சேர்க்கப்படவில்லை. நம் பெண்களை வைத்து அப்படியொரு ஆய்வு நடக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

உங்கள் அக்காவுக்கு இப்போதே செய்ய வேண்டியவை: பிரஷர், கொலஸ்ட்ரால், மூன்று மாதச் சர்க்கரை அளவு, தைராய்டு, ஒரு ஈசிஜி. இடுப்புச் சுற்றளவையும் டேப் வைத்து அளந்துவிடுங்கள். நம் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டினாலே கவனம் வேண்டும். தைராய்டை ஏன் சொல்கிறேன் என்றால், படபடப்பு, வியர்வை, தூக்கமின்மை மூன்றும் தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் வரும். மெனோபாஸ் என்று முடிவு கட்டிவிட்டு அதைத் தவறவிடுவது சாதாரணமாக நடக்கிறது.


ஆனைமலையான்

பெண்கள் பேசும் இடத்தில் நுழைவதற்கு மன்னிக்கவும். என் மனைவிக்கும் இந்த வயதுதான். எனக்கு ஒன்று புரியவில்லை. மாரடைப்பு ஆண்களுக்குத்தானே அதிகம்? எங்கள் தெருவில் நாற்பதுகளில் போனவர்கள் எல்லாருமே ஆண்கள். மாதவிடாய் நிற்பது இயற்கை. எங்கள் பாட்டிமார் யாரும் இதற்காகப் பரிசோதனைக்கு ஓடவில்லை. ஏற்கெனவே தூக்கமில்லாமல் தவிப்பவர்களிடம் போய் இதய நோய் என்றால் பயத்திலேயே பாதி நோய் வந்துவிடாதா?


நாடித்துடிப்பு

அண்ணா, நீங்கள் கேட்டது நல்லதுதான், பல வீடுகளில் இதுவே நினைப்பு.

நாற்பதுகளில் ஆண்களுக்கு அதிகம் என்பது உண்மை. அமெரிக்காவின் ஃப்ரேமிங்காம் ஊரில் 1948இல் தொடங்கிய ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறக்குறைய பத்து வருடம் தாமதமாக வருகிறது. ஆனால் அந்த ஆய்வே 1970களில் இன்னொன்றையும் சொன்னது: ஒரே வயதுள்ள பெண்களை எடுத்துக்கொண்டால், மாதவிடாய் நின்றவர்களுக்கு இதய நோய் கூடுதலாக வருகிறது. வராமல் இருப்பதில்லை, தள்ளித்தான் வருகிறது. உலக அளவில் 2019இல் இறந்த பெண்களில் 35 சதவீதம் பேர் இதய, ரத்தக்குழாய் நோய்களால் இறந்தார்கள் என்று லான்செட் இதழ் 2021இல் வெளியிட்ட ஆணைய அறிக்கை சொல்கிறது. பெண்களின் மரணத்துக்கு முதல் காரணம் இதுதான். மார்பகப் புற்றுநோய்க்குப் பயப்படும் அளவு இதற்கு யாரும் பயப்படுவதில்லை.

பாட்டிமார் பரிசோதனைக்குப் போகவில்லை, சரி. அவர்கள் எதனால் இறந்தார்கள் என்றும் யாரும் எழுதி வைக்கவில்லை. "ராத்திரி நல்லாத்தான் படுத்தாங்க, காலையில எழுந்திருக்கல" என்று எத்தனை வீட்டில் கேட்டிருக்கிறோம்.

பயமுறுத்த வேண்டாம் என்பதை ஒத்துக்கொள்கிறேன். மனைவியிடம் நோய் என்ற பேச்சையே எடுக்க வேண்டாம். இரண்டு பேரும் ஒன்றாகப் போய் பிரஷரும் ரத்தமும் பார்த்துவிட்டு வாருங்கள். உங்களுக்கும் தேவைதான்.


ஓய்வுபெற்ற_சிஸ்டர்

இந்த இழையைப் பார்த்ததும் மனசு நிறைந்தது. முப்பது வருடத்துக்கு மேல் செவிலியராக இருந்தேன், கடைசிப் பகுதி முழுக்க இதயநோய் வார்டு.

கயல் கேட்ட மூன்றாவது கேள்விக்கு நான் சொல்கிறேன். பெண்களுக்கு மாரடைப்பில் நெஞ்சுவலியே வராது என்று ஒரு செய்தி வாட்ஸப்பில் சுற்றுகிறது. அது சரியில்லை. பெண்களுக்கும் பெரும்பாலும் நெஞ்சில்தான் வருகிறது. ஆனால் அவர்கள் அதை வலி என்று சொல்ல மாட்டார்கள். "நெஞ்சை அடைக்குது", "பாரம் வச்ச மாதிரி இருக்கு", "கரிக்குது", "என்னமோ பண்ணுது" என்பார்கள். அதோடு மூச்சு வாங்குவது, குமட்டல், தாடை வலி, முதுகுப் பக்கம் இரண்டு தோள்பட்டைக்கு நடுவே வலி, காரணமே இல்லாத களைப்பு, இவையும் ஆண்களைவிடப் பெண்களிடம் கூடுதலாக இருக்கும். கேட்பவர்கள் வாயு என்று சொல்லி ஒரு ஜெலுசில்லைக் கொடுத்துவிடுவார்கள். ஓமத் தண்ணீர், பூண்டுப் பால் எல்லாம் கொடுத்துப் பார்த்து, விடிந்த பிறகு கூட்டி வருவார்கள். அடைப்பு எடுக்க வேண்டிய நேரமெல்லாம் அதில் போயிருக்கும்.

இதில் பெண்களுக்கும் பங்கு உண்டு, கோபப்படாதீர்கள். நெஞ்சை அடைத்துக்கொண்டே உலையை இறக்கி, பிள்ளைகளுக்குச் சோறு போட்டு, வீட்டுக்காரர் வரட்டும் என்று காத்திருந்து, சேலை மாற்றிக்கொண்டு வருவார்கள். வார்டில் நான் பார்த்துப் பார்த்து வேதனைப்பட்டது இதைத்தான். கணவனுக்கு வியர்த்தால் 108ஐக் கூப்பிடும் அதே பெண், தனக்கு வியர்த்தால் மின்விசிறிக்கு அடியில் போய் உட்காருகிறார்.

சூடேறி வியர்ப்பது மேலே முகத்துக்கு ஏறி, சில நிமிடத்தில் தணிந்து, பிறகு லேசாகக் குளிரும். வேலை செய்யாமல் சும்மா இருக்கும்போதும் வரும். ஆனால் மாடிப்படி ஏறினால், தண்ணீர்க்குடம் தூக்கினால் நெஞ்சடைப்போ மூச்சிரைப்போ வந்து, உட்கார்ந்தால் விடுகிறது என்றால் அதை ஹார்மோன் என்று விடக்கூடாது. படபடப்போடு மயக்கம் வந்தாலும் விடக்கூடாது. குளிர்ந்த வியர்வையோடு நெஞ்சில் அழுத்தம் பத்து நிமிடத்துக்கு மேல் இருந்தால் யோசனையே வேண்டாம், 108.

நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையங்களில் 2023இலிருந்து 'இதயம் காப்போம்' திட்டம் இருக்கிறது. மாரடைப்பு என்று சந்தேகம் வந்தால் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாட்டின் மாத்திரைகளை முதல் வேளை அங்கேயே கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். கிராமத்தில் இருப்பவர்கள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.


பனங்காடு_யாழ்

வணக்கம் எல்லாருக்கும். நான் யாழ்ப்பாணம். எங்கட பக்கம் சுகவனிதையர் கிளினிக் எண்டு அரசாங்கம் 1996இலிருந்து நடத்துது. 35 வயது தாண்டின பெண்களுக்கு பிரஷர், சீனி, மார்பகம், கர்ப்பப்பைக் கழுத்து எல்லாம் இலவசமாகப் பார்ப்பினம். ஆனால் வாற ஆக்கள் குறைவு. "எனக்கு ஒண்டும் இல்லை, நான் ஏன் போவான்" எண்டுதான் என்ர சித்தியும் சொல்லுவா.

சித்திக்கு 56 வயது. நெஞ்சு நோ எண்டு கொண்டு போனம், ஈசிஜியில மாற்றம் இருந்தது, இருதயக் குழாயளைப் படம் எடுத்துப் பார்க்கிற ஆஞ்சியோ செய்தவை. பெரிய குழாய் எதிலயும் அடைப்பு இல்லையாம். "இருதயம் சுத்தம், மனக்கவலைதான்" எண்டு சொல்லி விட்டினம். ஆனால் இப்பவும் சந்தைக்கு நடந்து போனால் நோ வருது. டாக்டர் அக்கா, அடைப்பு இல்லாமல் நெஞ்சு நோ வருமோ? சித்தி சும்மா சொல்லுறா எண்டு வீட்டில எல்லாரும் நினைக்கத் தொடங்கீட்டினம்.


நாடித்துடிப்பு

வரும் தங்கச்சி, கட்டாயம் வரும். சித்தி சும்மா சொல்லவில்லை.

ஆஞ்சியோவில் தெரிவது இதயத்தின் மேலோடும் பெரிய குழாய்கள் மட்டும். தசைக்குள் போகும் நுண்ணிய குழாய்கள் அதில் தெரியாது. அவை தேவைக்கேற்ப விரியாவிட்டாலும், குழாய் திடீரென்று சுருங்கிக்கொண்டாலும், இதயத்துக்கு ரத்தம் பத்தாமல் வலி வரும். மாதவிடாய் நின்ற பெண்களிடம் இது அதிகம். 1996இல் அமெரிக்காவில் தொடங்கிய வைஸ் ஆய்வு இதைத்தான் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. நெஞ்சுவலியோடு வந்து, பெரிய அடைப்பு இல்லை என்று அனுப்பப்பட்ட பெண்களில் கணிசமானவர்களுக்கு நுண்குழாய்க் கோளாறு இருந்தது. பின்னாளில் மாரடைப்பும் இதயச் செயலிழப்பும் அவர்களுக்குக் கூடுதலாக வந்தன.

சித்தியை மறுபடி இதய மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். "பெரிய குழாயில் அடைப்பு இல்லை என்றால் நுண்குழாய் பாதிப்பாக இருக்குமா?" என்று நேரடியாகக் கேளுங்கள். இதற்கு மாத்திரைகள் உண்டு. எந்த வேலையில் வலி வருகிறது, எவ்வளவு நேரம் இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோனால் நல்லது. நெஞ்சுநோ ஓய்விலும் நிற்காவிட்டால் 1990 ஆம்புலன்சைக் கூப்பிடுங்கள்.

இன்னொன்று. சில மருத்துவமனைகளில் மாரடைப்பைக் கண்டுபிடிக்கச் செய்யும் டிரோபோனின் பரிசோதனைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே எல்லை வைக்கிறார்கள். பெண்களின் இயல்பான அளவே குறைவு. பரவலாகப் பயன்படும் ஒரு நுண்பரிசோதனையில் ஆண்களுக்கு எல்லை லிட்டருக்கு 34 நானோகிராம், பெண்களுக்கு 16. ஒரே எல்லை வைத்தால் சில பெண்களின் பாதிப்பு கணக்கில் வராமலே போகும்.


லெஸ்டர்_உமா

நான் இங்கிலாந்தில் இருக்கிறேன், 53 வயது. ஹார்மோன் பற்றி இன்னும் யாரும் பேசவில்லையே. இரண்டு வருடமாக ஈஸ்ட்ரோஜென் ஜெல்லும் புரோஜெஸ்டிரோன் மாத்திரையும் எடுக்கிறேன். வாழ்க்கை திரும்பி வந்துவிட்டது என்றே சொல்வேன். தூக்கம் வந்தது, எரிச்சல் போனது, வேலையை விட்டுவிடலாம் என்ற நினைப்பும் போனது. ஊருக்குப் போனால் அண்ணிகளும் மதினிகளும் "ஐயோ, ஹார்மோனா, கேன்சர் வந்துடும்" என்று பதறுகிறார்கள். எல்லாம் 2002இல் வந்த அந்த ஒரு ஆய்வு கிளப்பிய பயம். அது வயதானவர்களிடம் செய்த ஆய்வு. 2025 நவம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே ஹார்மோன் மருந்துகளின் பெட்டியில் இருந்த கடும் எச்சரிக்கையை எடுக்கப்போவதாக அறிவித்துவிட்டது. சீக்கிரம் தொடங்கினால் இதயத்துக்குப் பாதுகாப்பு என்றும் சொல்கிறார்கள். அப்படியிருக்க, கயலின் அக்கா ஏன் சிரமப்பட வேண்டும்? இன்றைக்கே தொடங்கலாமே?


நாடித்துடிப்பு

உமா, உங்களுக்குக் கிடைத்த நிம்மதி கயலின் அக்காவுக்கும் கிடைக்க வேண்டும் என்றுதான் நானும் நினைக்கிறேன். ஹார்மோன் என்றாலே புற்றுநோய் என்ற பயம் நம் ஊரில் தேவைக்கு மேல் இருக்கிறது. ஆனால் இதயப் பாதுகாப்புக்காக என்று சொல்லும்போது மட்டும் நான் நின்று பேச வேண்டியிருக்கிறது.

இதே நம்பிக்கை முன்பு ஒரு முறை பெரிதாக இருந்தது. 1980கள், 90களில் ஹார்மோன் எடுக்கும் பெண்களுக்கு மாரடைப்பு குறைவு என்று பல ஆய்வுகள் காட்டின. ஆனால் அங்கே ஹார்மோன் எடுத்தவர்கள் பெரும்பாலும் வசதியும் படிப்பும் உள்ளவர்கள், மருத்துவரிடம் ஒழுங்காகப் போகிறவர்கள். இதயம் நன்றாக இருந்ததற்கு மாத்திரை காரணமா, அவர்களின் வாழ்க்கை காரணமா என்று பிரிக்க முடியவில்லை. அதனால் சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரி, பாதிப் பேருக்கு மருந்தும் பாதிப் பேருக்கு வெற்று மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள்.

முதலில் 1998இல் ஹெர்ஸ் ஆய்வு. ஏற்கெனவே இதய நோய் இருந்த 2,763 பெண்கள். ஹார்மோனால் மொத்தத்தில் நன்மை இல்லை, முதல் வருடத்தில் மாரடைப்பு கூடவே செய்தது. பிறகு 2002இல் வந்ததாக நீங்கள் சொன்ன ஆய்வு, அதன் பெயர் டபிள்யூஎச்ஐ. 16,608 பெண்கள், சராசரி வயது 63. சுமார் 5 வருடத்தில் பாதியிலேயே நிறுத்தினார்கள். அதன் கணக்கைப் பத்திரிகைகள் சரியாகச் சொல்லவில்லை. 10,000 பெண்கள் ஒரு வருடம் எடுத்தால் மாரடைப்பு போன்ற இதய நோய் 7 பேருக்குக் கூடுதல், பக்கவாதம் 8, நுரையீரலில் ரத்தக்கட்டி 8, மார்பகப் புற்றுநோய் 8. இடுப்பெலும்பு முறிவு 5 பேருக்கும் பெருங்குடல் புற்றுநோய் 6 பேருக்கும் குறைந்தது. உலகமே பதறும் அளவு பெரிய எண்கள் இல்லை. ஆனால் இதயத்தைக் காக்கும் என்ற நம்பிக்கைக்கு நேர்மாறான முடிவு.

வயது முக்கியம் என்று நீங்கள் சொல்வது சரி. 2016இல் வந்த எலைட் ஆய்வில் 643 பெண்கள். மாதவிடாய் நின்று 6 வருடத்துக்குள் தொடங்கியவர்களுக்குக் கழுத்து ரத்தக்குழாய்ச் சுவர் தடிப்பது மெதுவானது, 10 வருடம் கழித்துத் தொடங்கியவர்களுக்குப் பலன் இல்லை. நல்ல செய்திதான். ஆனால் அது குழாய்ச் சுவரின் தடிப்பை அளந்த ஆய்வு, மாரடைப்பு குறைந்ததா என்று பார்த்த ஆய்வு இல்லை. அதனால் இன்றைய நிலை இதுதான்: 60 வயதுக்குள், மாதவிடாய் நின்று 10 வருடத்துக்குள், வியர்வையும் தூக்கமின்மையும் வாட்டினால் ஹார்மோன் நல்ல சிகிச்சை. இதயத்தைக் காப்பதற்காக மட்டும் தொடங்குவதில்லை. எச்சரிக்கையை எடுப்பதும் பாதுகாப்பு என்று சொல்வதும் ஒன்றில்லை.

மார்பகப் புற்றுநோய், மாரடைப்பு, பக்கவாதம், காலில் ரத்தக்கட்டி வந்தவர்களுக்குப் பொதுவாகக் கொடுப்பதில்லை. காரணம் தெரியாத உதிரப்போக்கு இருந்தால் அதை முதலில் பார்க்க வேண்டும். கர்ப்பப்பை இருப்பவர்கள் ஈஸ்ட்ரோஜெனை மட்டும் எடுக்கக்கூடாது, புரோஜெஸ்டிரோனும் சேர வேண்டும், இல்லாவிட்டால் கர்ப்பப்பையின் உள்சுவரில் புற்றுநோய் வரலாம். தோலில் தடவும் ஜெல்லிலும் ஒட்டும் பட்டையிலும் ரத்தக்கட்டி அபாயம் மாத்திரையைவிடக் குறைவு. கயலின் அக்காவுக்கு முதலில் பிரஷரும் கொலஸ்ட்ராலும் தெரியட்டும். பிறகு ஹார்மோனைப் பேசுவோம்.


லெஸ்டர்_உமா

விளக்கத்துக்கு நன்றி டாக்டர். முழுக்க ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை. பெரிய ஆய்வு வரும்வரை இன்னொரு தலைமுறை காத்திருக்க வேண்டுமா என்றுதான் தோன்றுகிறது. ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். இங்கே 40 வயதுக்கு மேல் ஐந்து வருடத்துக்கு ஒரு முறை அரசே கடிதம் போட்டு, பிரஷரும் கொலஸ்ட்ராலும் பார்த்துக்கொள்ளக் கூப்பிடுகிறது. நம் ஊரிலும் அப்படி ஒரு கடிதம் வந்தால் எவ்வளவு பேர் தப்பிப்பார்கள்.


புதுவை_வாணி

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எனக்கு 44 வயது. 38 வயதில் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். உதிரப்போக்கு அதிகம், சிறிய கட்டிகள் இருந்தன. "குழந்தை பெற்றாகிவிட்டது, இனி இது எதற்கு, எடுத்துவிட்டால் நிம்மதி" என்று ஒரு தனியார் மருத்துவமனையில் சொன்னார்கள். மாத்திரையோ வேறு வழியோ இருப்பதாகச் சொல்லவில்லை. அடுத்த மாதமே தீயாக எரிந்தது உடம்பு. சத்துக் குறைவு என்றார்கள். போன வருடம் கொலஸ்ட்ரால் 260 என்று வந்தது. நான் மெலிந்த உடம்பு, எண்ணெய்ப் பலகாரமும் அதிகம் சாப்பிடுவதில்லை. இதற்கும் அதற்கும் தொடர்பு இருக்குமா?


ஓய்வுபெற்ற_சிஸ்டர்

வாணிம்மா, முதலில் ஒரு காரியம் செய். அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடு. கர்ப்பப்பையை மட்டும் எடுத்தார்களா, இரண்டு ஓவரியையும், அதாவது சினைப்பைகளையும், சேர்த்து எடுத்தார்களா என்று அதில் இருக்கும். கர்ப்பப்பையை எடுத்தால் மாதவிடாய் மட்டும்தான் நிற்கும், ஓவரி தொடர்ந்து சுரக்கும். ஓவரியையும் எடுத்தால் அன்றைக்கே மெனோபாஸ். மெதுவாக நடக்க வேண்டியது ஒரே நாளில் நடந்துவிடும். அடுத்த மாதமே எரிந்தது என்று சொல்வதால்தான் எனக்குச் சந்தேகம். ஓவரியை விட்டு வைத்தாலும் சிலருக்குச் சில வருடம் முன்னதாகவே அது அடங்கிவிடும். மாதவிடாய் என்ற அடையாளம் இல்லாததால் எப்போது அடங்கியது என்று தெரியவும் தெரியாது.

இதைக் கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன். 2015-16 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் கர்ப்பப்பை எடுத்தவர்கள் நாடு முழுக்க 3.2 சதவீதம், பக்கத்து ஆந்திரத்தில் 8.9 சதவீதம். மூன்றில் இரண்டு பங்கு தனியார் மருத்துவமனைகளில். மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டப் போகும் பெண்களுக்கு, வேலை கெடக்கூடாது என்று இளம் வயதிலேயே எடுத்த கதை 2019இல் வெளியே வந்தது. தேவையில்லாத இந்த அறுவை சிகிச்சைகளைத் தடுக்க வேண்டும் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் வரை போய்த் தீர்ப்பு வந்தது. முதுகுவலி, ரத்த சோகை என்றுதான் இதைப் பற்றிப் பேசுகிறார்கள். இதயத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் மிகவும் குறைவு.


நாடித்துடிப்பு

சிஸ்டர் சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். 45 வயதுக்குள் இரண்டு ஓவரியும் எடுக்கப்பட்டு, ஈஸ்ட்ரோஜெனும் கொடுக்கப்படாத பெண்களுக்கு இதய நோயால் இறப்பு கூடுதல் என்று அமெரிக்காவின் மேயோ கிளினிக் ஆய்வு காட்டியிருக்கிறது. 40 வயதுக்குள் மாதவிடாய் நிற்பதையும், கர்ப்ப காலத்தில் பிரஷர் ஏறியதையும், தெற்காசியராக இருப்பதையும் இதய நோய் அபாயத்தைக் கூட்டுபவையாக அமெரிக்க வழிகாட்டு நெறிகளே பட்டியலிட்டிருக்கின்றன. நம் மருத்துவச் சீட்டில் இவற்றைக் கேட்க ஒரு வரி கூடக் கிடையாது. அதனால் நீங்களே சொல்லுங்கள், கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.


ஆனைமலையான்

டாக்டரம்மா சொன்னபடி இருவரும் போய்ப் பார்த்தோம். எனக்குப் பிரஷர் சரியாக இருக்கிறது, மனைவிக்கு 156/96. தலைவலிக்கு இத்தனை நாள் தைலம்தான் தேய்த்துக்கொண்டிருந்தார். ஒரு வாரம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். தெரிந்தவர் ஒருவர் தண்ணீர்விட்டான் கிழங்குப் பொடியும் கற்றாழையும் சாப்பிட்டால் எல்லாம் சரியாகும் என்கிறார். கொடுக்கலாமா?


நாடித்துடிப்பு

உடம்புச் சூட்டுக்குச் சித்த மருத்துவரிடம் கேட்டு எடுத்துக்கொள்ளட்டும், நான் தடுக்கவில்லை. ஆனால் 156க்கு அது மருந்தாகாது. மறுபடி பார்த்து 140/90க்கு மேலேயே இருந்தால் மாத்திரை தொடங்கச் சொல்வார்கள், தள்ளிப்போடாதீர்கள். ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றையும் குறைத்தாலே கொஞ்சம் இறங்கும்.


கயல்_திண்டுக்கல்

அக்காவைக் கூட்டிப் போய் எல்லாம் எடுத்துவிட்டேன். பிரஷர் 148/94, மறுநாளும் கிட்டத்தட்ட அதேதான். எல்டிஎல் 168. மூன்று மாதச் சர்க்கரை 6.1. தைராய்டும் ஈசிஜியும் சரியாக இருக்கின்றன. இடுப்பு 91. கேட்கக் கேட்க இன்னொன்றும் வெளியே வந்தது. இரண்டாவது பிள்ளை உண்டாகியிருந்தபோது பிரஷர் ஏறி, கால் முகமெல்லாம் வீங்கி, எட்டாவது மாதத்திலேயே எடுத்தார்களாம். பிள்ளை பிறந்ததும் சரியாகிவிட்டது என்று இத்தனை வருடம் யாரிடமும் சொல்லவில்லை. பிரஷருக்கும் கொலஸ்ட்ராலுக்கும் மாத்திரை எழுதியிருக்கிறார்கள். "ஆரம்பித்தால் சாகும்வரை விட முடியாதாமே" என்று அக்கா தயங்குகிறார். நடந்தே குறைத்துக்கொள்கிறேன் என்கிறார்.


நாடித்துடிப்பு

கர்ப்ப காலத்தில் அப்படிப் பிரஷர் வந்தவர்களுக்கு, பின்னாளில் இதய நோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதோடு அம்மாவுக்கும் இதய நோய். மாத்திரை எழுதியது சரிதான்.

நடக்கட்டும், தாராளமாக நடக்கட்டும். வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் தசைக்கு வேலை கொடுக்கும் பயிற்சியும் செய்யட்டும், நாற்காலியில் கை ஊன்றாமல் எழுந்து உட்காருவதில் தொடங்கலாம். சோற்றைக் கொஞ்சம் குறைத்து அந்த இடத்தில் சுண்டல், பயறு, கீரை, மீன். இதையெல்லாம் மாத்திரையோடு சேர்த்துச் செய்யட்டும். எடையும் இடுப்பும் இறங்கினால் பிரஷர் மாத்திரையின் அளவைக் குறைக்க வாய்ப்பு இருக்கிறது. தானாக நிறுத்தக்கூடாது. இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொலஸ்ட்ராலை மறுபடி எடுங்கள். அதற்கு வெறும் வயிற்றோடு காத்திருக்க வேண்டியது பெரும்பாலும் இல்லை.

வியர்வைக்கும் தூக்கத்துக்கும் இப்போதே மகளிர் மருத்துவரிடம் பேசலாம், பிரஷர் கட்டுக்குள் வந்தபின் ஹார்மோன் தொடங்கலாமா என்று கேளுங்கள். இந்த முடிவுத் தாள்களை அவரிடமும் காட்டுங்கள்.


ஓய்வுபெற்ற_சிஸ்டர்

கயல், மாத்திரை வாங்க மாதாமாதம் அலைய வேண்டுமே என்று அக்கா யோசித்தால், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெயர் கொடுங்கள். 2021 ஆகஸ்டிலிருந்து நடக்கிறது. பிரஷர், சுகர் மாத்திரைகளைப் பெண் சுகாதாரத் தன்னார்வலர்களே வீட்டில் வந்து கொடுப்பார்கள், பிரஷரும் பார்ப்பார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் சொல்வார்கள்.


புதுவை_வாணி

சம்மரி கிடைத்துவிட்டது. இரண்டு ஓவரியையும் எடுத்திருக்கிறார்கள். என்னிடமோ என் கணவரிடமோ யாரும் அதைச் சொல்லவில்லை. கையெழுத்துப் போட்ட தாளில் ஆங்கிலத்தில் இருந்ததாம். நேற்று முழுக்க அழுதேன். இனி நான் என்ன செய்யலாம், ஆறு வருடம் போய்விட்டதே?


நாடித்துடிப்பு

வாணி, இன்னும் நேரம் இருக்கிறது. வேறொரு மகளிர் மருத்துவரிடம், முடிந்தால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், இந்தச் சம்மரியோடு போங்கள். 38 வயதில் ஓவரி இரண்டையும் எடுத்தவர்களுக்கு, தடை எதுவும் இல்லாவிட்டால், இயற்கையாக நிற்கும் வயது வரை, ஏறக்குறைய 50 வரை, ஈஸ்ட்ரோஜென் கொடுக்கலாம் என்பதே வழிகாட்டுதல். உமாவோடு நான் வாதிட்டது வேறு, உங்கள் நிலை வேறு. டபிள்யூஎச்ஐ கணக்கை உங்கள் மேல் பொருத்தக்கூடாது. கர்ப்பப்பை இல்லாததால் பொதுவாக ஈஸ்ட்ரோஜென் மட்டும் போதும். குடும்பத்தில் யாருக்காவது மார்பகப் புற்றுநோயோ, ரத்தக்கட்டியோ வந்திருந்தால் சொல்லிவிடுங்கள். எலும்பு அடர்த்திப் பரிசோதனையும் கேளுங்கள்.

கொலஸ்ட்ரால் 260க்குத் தனியாகப் பொது மருத்துவரையோ இதய மருத்துவரையோ பாருங்கள், எல்டிஎல் எவ்வளவு என்று பிரித்து எடுக்கச் சொல்லுங்கள். பிரஷரையும் சர்க்கரையையும் அன்றைக்கே பார்த்துவிடுங்கள். சம்மரியை இரண்டு நகல் எடுத்து ஒன்றை வீட்டில் வையுங்கள். போய் வந்ததும் இங்கே எழுதுங்கள், என்ன சொன்னார்கள் என்று பார்ப்போம்.